பூ கட்டிப் பார்த்து வாங்கிய டிரில்லிங் மெஷின்

காஸ் சிலிண்டர் கொண்டு வந்தவரைக் கை கழுவச் சொல்லி, பூஜை அலமாரி முன்னால் நிற்க வைத்தேன். அலமாரியில் முருகன் படம். படத்துக்கு முன்னால் ஒரு தாம்பாளத் தட்டு. தட்டில் இரண்டு காகிதப் பொட்டலங்கள்.

"கண்ணை மூடிக்கிட்டு ஒண்ணை எடுங்க" என்றேன்.

மனிதர் பயந்து இரண்டடி பின்னால் போனார். "பொண்ணுக்கு மாப்ள பாக்கறீங்களாம்மா? எனுக்கு இன்னாத்துக்கு இந்த வேல? நாளைக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா என்னியதான் சொல்வீங்க."

"மாப்பிள்ளை இல்லீங்க. டிரில்லிங் மெஷின்."

"ஆங்?"

ஆமாம்... டிரில்லிங் மெஷின்! அதுவும் கார்ட்லெஸ் - ஒயர் கிடையாது, பேட்டரியில் ஓடுவது. எந்த பிராண்ட் வாங்கலாம் என்று முருகனிடம் பூ கட்டிக் கேட்டுக்கொண்டிருந்தோம். சிரிக்காதீர்கள். மூன்று வாரம் யூடியூபில் மெஷின் வீடியோ பார்க்கும் ஒருவரோடு குடித்தனம் செய்து பாருங்கள், நீங்களும் பூ கட்டுவீர்கள்.

முதலில் இருந்து சொல்லிவிடுகிறேன்.

எங்கள் வீட்டு பாத்ரூம் கதவின் தாழ்ப்பாள், ஒரு நாள் காலையில் கழன்று என் கையோடு வந்துவிட்டது. அன்றிலிருந்து வீட்டில் ஒரே ஒரு சட்டம். உள்ளே போகிறவர் பாட வேண்டும். பாட்டு கேட்டால் உள்ளே ஆள் இருக்கிறது என்று அர்த்தம். நடுவில் மூச்சு வாங்கலாம், நிறுத்தக் கூடாது. என் வீட்டுக்காரருக்கு முழுதாகத் தெரிந்தது இரண்டே இரண்டு பாட்டுதான் என்பது, முப்பது வருஷம் கழித்து இப்போதுதான் எனக்குத் தெரிய வந்தது.

நாங்கள் இருவர் மட்டும் இருக்கும்வரை இதில் ஒரு கஷ்டமும் இல்லை. ஆனால் ஆடி மாதம் பிறந்துவிட்டதே!

திருத்தணியில், அதுவும் மலை அடிவாரத்தில் வீடு வைத்திருப்பவர்களுக்கு ஆடிக் கிருத்திகை என்றால் என்னவென்று வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாது. அந்த மூன்று நாளில் இருக்கிற அளவுக்குச் சொந்தக்காரர்கள் வருஷத்தில் வேறு எந்த நாளிலும் எங்களுக்கு இருப்பதில்லை. மஞ்சள் துணியும் பூக்காவடியுமாக வந்து நிற்பார்கள். தமிழில் பாதி, தெலுங்கில் பாதி நலம் விசாரிப்பார்கள். போன வருஷம் ஒரு பெரியவர் மூன்று நாள் தங்கி, சாப்பிட்டு, சாமி கும்பிட்டு, எங்களை வாழ்த்திவிட்டுப் போனார். அவர் என் பக்கத்துச் சொந்தம் என்று வீட்டுக்காரர் நினைத்திருந்தார். நான் அவர் பக்கம் என்று நினைத்திருந்தேன்.

அதுகூடப் பரவாயில்லை. இந்த வருஷம் சம்பந்தி வருகிறார்.

தை மாதம்தான் என் மகள் தீபாவின் கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளை வீடு பள்ளிப்பட்டு. சம்பந்தி பெயர் தணிகாசலம். பவர்லூம் வைத்திருக்கிறார். ஆள் ஆறடி உயரம், முறுக்கு மீசை, பேச்சு மட்டும் கிடையாது. நிச்சயதார்த்தத்தில் அவர் மொத்தம் பேசியது நாலு வார்த்தை இருக்கும். கல்யாண மண்டபத்தில் ஒரு கதவின் கீலையே ஐந்து நிமிஷம் உற்றுப் பார்த்துவிட்டு, உதட்டைப் பிதுக்கிக்கொண்டு நகர்ந்தார். அந்தப் பிதுக்கலை நான் இன்னும் மறக்கவில்லை. அவர்தான் கிருத்திகைக்கு மனைவியோடு வந்து, முதல் முறையாக எங்கள் வீட்டில் தங்கப் போகிறார்.

தீபா சென்னையில் இருந்து போன் செய்தாள்.

"அம்மா, பாத்ரூம் தாழ்ப்பா போட்டாச்சா?"

"போடலாம்டி, இன்னும் நாள் இருக்கில்ல."

"எங்க மாமனாரைப் பாட வெச்சீங்கன்னா நான் அந்த வீட்ல தலைகாட்ட முடியாதும்மா. சொல்லிட்டேன்."

அந்த மீசை பாத்ரூமுக்குள் நின்றுகொண்டு பாடுவதை ஒரு நிமிஷம் நினைத்துப் பார்த்தேன். எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் என் பெண்ணின் மானம் அந்தக் கதவில் தொங்கிக்கொண்டிருந்தது.

கார்ப்பென்டரைக் கூப்பிட்டால் என்ன என்கிறீர்களா? கூப்பிட்டோம். அவர் வீட்டு வாசல் முழுக்கக் காவடிக் கட்டைகள். "கிருத்திகை முடிஞ்சி வரேன்க்கா" என்றார். முடிந்த பிறகு வந்து யாருக்கு என்ன லாபம்? வீட்டுக்காரரே ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கொண்டு களம் இறங்கினார். எங்கள் கதவு நிலை வேங்கை மரம். மூன்று ஸ்க்ரூவின் மண்டை தேய்ந்ததுதான் மிச்சம், மரத்தில் ஒரு கீறல்கூட இல்லை. பாத்ரூம் வீட்டுக்குப் பின்னால் தனியாக இருப்பதால் பக்கத்தில் பிளக் பாயின்ட்டும் கிடையாது. ஈரத் தரையில் ஒயரை இழுத்துக்கொண்டு போக அவருக்குப் பயம்.

"கார்ட்லெஸ் மெஷின் ஒண்ணு வாங்கிடலாம் சுகுணா" என்றார்.

என்னமோ போங்கள், அந்த வார்த்தையைக் கேட்டதும் எனக்குள் ஒரு குதூகலம்! நகைக்கடை வாசலில்கூட எனக்கு இப்படி வந்ததில்லை. டிரிகரை அழுத்தினால் விர்ர்ர்... சுவரில் ஓட்டை! காலண்டர், கண்ணாடி, சாவி மாட்டும் பலகை என்று பத்து வருஷமாக "ஆள் வரட்டும்" என்று காத்துக்கிடக்கும் பொருட்கள் ஒவ்வொன்றாகக் கண் முன்னால் வந்தன. அன்றைக்கே வாங்கியிருந்தால் இந்தப் பத்திக்கு வேலை இருந்திருக்காது. ஆனால் வீட்டுக்காரர் போஸ்ட் ஆபீஸில் இருந்து ஓய்வு பெற்றவர். பின்கோடு சரிபார்க்காமல் எந்தக் கவரையும் தள்ளாதவர். வீடியோ பார்க்க உட்கார்ந்துவிட்டார்.

வோல்ட் என்றார். டார்க் என்றார் - முறுக்குகிற பலமாம். பிரஷ்லெஸ் என்றார். "பிரஷ் இல்லாம எப்படிங்க காலையில?" என்று கேட்டதற்கு முறைத்தார். இரண்டு வாரம் கழித்து இரண்டு கம்பெனிகளில் வந்து நின்றார். ஒன்றின் மெஷின் ஆரஞ்சு நிறம், இன்னொன்று நீலம். இவருக்கு ஆரஞ்சு மேல் ஒரு கண்.

அந்த நேரம் பார்த்து அடுத்த தெருவில் இருந்து பாவா வந்தார்.

பாவா என்றால் என் அக்கா வீட்டுக்காரர், முனிரத்தினம். எங்கள் பக்கத்தில் அக்கா கணவரை அப்படித்தான் கூப்பிடுவோம். பாவாவிடம் ஏற்கெனவே ஒரு நீல மெஷின் இருந்தது. 'இருந்தது' என்பதைக் கவனியுங்கள். போன ஆடியில் தண்ணீர்ப் பந்தலுக்கு அண்டா நிறைய நீர்மோர் கடைய வேண்டியிருந்தது. பாவா அந்த மெஷினின் வாயில் மத்தைச் சொருகி, அண்டாவுக்குள் விட்டார். மோர் பிரமாதமாக நுரைத்தது. பக்தர்கள் கேட்டுக் கேட்டு வாங்கிக் குடித்தார்கள். மூன்றாவது அண்டாவில் மோர் மெஷினுக்குள் போய், புகை வந்து, கதை முடிந்தது. பெருங்காய வாசனையோடு உயிர்விட்ட ஒரே டிரில்லிங் மெஷின் அதுவாகத்தான் இருக்கும்.

"மெஷின் போனா இன்னா? பேட்டரி ரெண்டு, சார்ஜர் ஒண்ணு, கல்லு மாதிரி கீது என்கிட்ட" என்றார் பாவா. "நீ நீலத்துல வெறும் மெஷின மட்டும் வாங்கு சகல. பேட்டரி நான் தரேன்."

இங்கேதான் எனக்கு ஒரு ஞானம் கிடைத்தது. ஒரு கம்பெனி பேட்டரி இன்னொரு கம்பெனி மெஷினில் உட்காராதாம்! ஒரு முறை வாங்கிவிட்டால் அடுத்து ரம்பம், பாலிஷ் மெஷின் என்று எது வாங்கினாலும் அதே கம்பெனி வாசலில்தான் நிற்க வேண்டும். பிராண்ட் தேர்ந்தெடுப்பது என்பது மெஷினைத் தேர்ந்தெடுப்பதே இல்லை, பேட்டரியைத் தேர்ந்தெடுப்பதுதான். பெண் கொடுத்து வாங்குகிற மாதிரி, எந்தக் குடும்பத்துக்குள் நுழைகிறோம் என்பதுதான் கேள்வி.

பாவா சொன்னதும் நியாயம். வீட்டுக்காரர் ஆசைப்பட்டதும் நியாயம். இருவரும் தினமும் சாயங்காலம் உட்கார்ந்து வாதாடினார்கள். டீ போட்டுப் போட்டு எனக்குக் கை வலித்தது. கிருத்திகைக்கு ஒரு வாரம்தான் இருந்தது.

"போதும்! முருகன்கிட்ட கேட்டுடலாம்" என்றேன்.

எங்கள் ஊரில் இது புதிதில்லை. வரன், வீடு, வியாபாரம் எதுவானாலும் இரண்டு பூவை இரண்டு பொட்டலமாகக் கட்டி, சாமி முன்னால் வைத்து, சம்பந்தமில்லாத ஒருவரை எடுக்கச் சொல்வோம். எந்தப் பூ வருகிறதோ அதுதான் உத்தரவு. அப்புறம் அப்பீல் கிடையாது. ஆரஞ்சுக்குக் கனகாம்பரம், நீலத்துக்குச் சங்குப்பூ. நானே கட்டினேன். எடுக்க ஆள் வேண்டுமே என்று வாசலைப் பார்த்தபோதுதான் சிலிண்டர் வந்தது.

அவர் கண்ணை இறுக மூடி, உதட்டுக்குள் ஏதோ முணுமுணுத்து, ஒரு பொட்டலத்தை எடுத்தார். பிரித்தேன். கனகாம்பரம்!

வீட்டுக்காரர் சின்னப் பிள்ளை போல ஒரு குதி குதித்தார். பாவா நாற்காலியில் சாய்ந்து, "அவனே ஆரஞ்சுன்னு சொல்லிட்டான்னா நான் இன்னா சொல்றது" என்றார். சிலிண்டர்க்காரர் எனக்கு மட்டும் கேட்கும்படி, "இன்னா மெஷினோ, நல்லபடியா ஓடட்டும்மா" என்று வாழ்த்திவிட்டுப் போனார்.

வீட்டுக்காரர் அந்த நிமிஷமே போனை எடுத்து ஆர்டர் போட்டுவிட்டார். விலை ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக இரண்டு மெஷினையும் ஏற்கெனவே கார்ட்டில் போட்டுத்தான் வைத்திருந்தார். நீலத்தைத் தூக்கினார், ஆரஞ்சை வாங்கினார். ஒரே அழுத்து!

காவடிகள் வரத் தொடங்கும் அஸ்வினி அன்று பார்சல் வந்தது. பிரித்தோம். அடடா... என்ன அழகு! என்ன பளபளப்பு! கையில் எடுத்தால் கைக்கென்றே செய்த மாதிரி உட்கார்ந்தது. புது வண்டி வாங்கினால் என்ன செய்வோமோ அதைச் செய்தேன். சந்தனம், குங்குமம் வைத்து, ஒரு எலுமிச்சம்பழத்தைப் பக்கத்தில் வைத்து, கற்பூரம் காட்டினேன். டிரிகரை முதலில் நான்தான் அழுத்துவேன் என்று அடம்பிடித்து வாங்கினேன்.

அழுத்தினேன். சத்தமே இல்லை.

மறுபடி அழுத்தினேன். "புதுசு, கொஞ்சம் டைட்டா இருக்கும்" என்றார் வீட்டுக்காரர். பெட்டியைத் தலைகீழாகக் கவிழ்த்தோம். ஒரு புத்தகம் விழுந்தது. பதினெட்டு மொழிகளில் எச்சரிக்கை. பேட்டரி மட்டும் விழவில்லை.

நடந்தது இதுதான். பாவா பேட்டரி தருவதாகச் சொன்னதால், நீலத்தில் வெறும் மெஷினை மட்டும் வீட்டுக்காரர் கார்ட்டில் போட்டிருக்கிறார். ஒப்பிட வேண்டும் என்றால் ஒரே மாதிரி ஒப்பிட வேண்டும் அல்லவா? போஸ்ட் ஆபீஸ் புத்தி! அதனால் ஆரஞ்சிலும் வெறும் மெஷினையே போட்டிருக்கிறார். பக்தி வேகத்தில் அதையே வாங்கியும் விட்டார். முருகனிடம் நாங்கள் கலரைத்தான் கேட்டோம். பேட்டரி உண்டா என்று கேட்கவில்லை.

பாவா தன்னுடைய நீல பேட்டரியோடு ஓடி வந்தார். ஆரஞ்சு மெஷினின் அடியில் வைத்துத் தள்ளினார், திருப்பினார், தட்டினார். போகவே போகாது என்று அவருக்குத் தெரியும். அந்த முகத்தில் இருந்த சந்தோஷத்தை நான் இந்த ஜென்மத்தில் மன்னிக்க மாட்டேன். பஜாரில் உள்ள ஹார்டுவேர் கடைகளில் விசாரித்தோம். "ஆர்டர் போட்டு வரணும்மா, திருவிழா கூட்டத்துல எந்த வண்டி உள்ள வரும்?" என்று கேட்டார்கள்.

மறுநாள் பரணி. சம்பந்தி சாயங்காலம்தான் வருவதாக இருந்தது. அதற்குள் கதவுக்கு ஒரு கயிறாவது கட்டிவிடலாம் என்று, காலை எட்டு மணிக்கு நானும் வீட்டுக்காரரும் பின்பக்கம் நின்று ஆராய்ந்துகொண்டிருந்தோம். வாசலில் செருமல் சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தால்... மீசை!

"வாங்கண்ணா, வாங்க! சாயங்காலம்னு சொன்னாங்களே?"

"ஆங்... கூட்டம் வரதுக்குள்ள வந்துட்லாம்னு வந்துட்டேன். அவ மதியானம் காவடியோட வேன்ல வருவா."

இது அவரது பழைய சாதனையை முறியடிக்கும் பேச்சு. நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். காபி குடித்தார். பாத்ரூம் இருக்கும் திசையை அவர் பார்க்கும்போதெல்லாம் இன்னொரு காபி வேண்டுமா என்று கேட்டேன். கடைசியில் எழுந்து, சாமி கும்பிடப் பூஜை அலமாரிக்குப் போனார்.

ஐயையோ... மெஷின் அங்கேதான் இருந்தது. நெற்றியில் சந்தனம் குங்குமத்தோடு, முருகனுக்குப் பக்கத்தில், எலுமிச்சம்பழத்தோடு!

கூப்பிய கை கூப்பியபடியே நின்றார். "இது எப்ப வாங்கனது?"

"நேத்து வந்துச்சுங்க" என்றார் வீட்டுக்காரர், குற்றவாளி குரலில்.

சம்பந்தி அதைக் கையில் எடுத்தார். எடைபோட்டுப் பார்த்தார். அடியைத் திருப்பிப் பார்த்தார். "பேட்டரி எங்க?"

நானும் வீட்டுக்காரரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். இனி மறைத்து என்ன ஆகப் போகிறது? தாழ்ப்பாள், பாட்டு, மோர், கனகாம்பரம், கார்ட் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். சொல்லச் சொல்ல அவர் மீசை ஆடத் தொடங்கியது. கோபம் என்றுதான் நினைத்தேன். திடீரென்று தொடையைத் தட்டிக்கொண்டு சிரித்தார் பாருங்கள்... அப்படிச் சிரிக்கத் தெரிந்த மனிதரா இத்தனை நாள் வாயைத் திறக்கவில்லை!

"தறி ஷெட்டுல இதே கம்பெனிதாம்மா வெச்சினு கீறேன். ரெண்டு மெஷினு, நாலு பேட்டரி" என்று சொல்லிக்கொண்டே போனை எடுத்தார். "ருக்கு, வேன் ஏறிட்டியா? ஏறலியா? ஷெட்டுல ஜன்னலாண்ட ஆரஞ்சு பேட்டரி கீதில்ல, அத ஒண்ணு எடுத்து பையில போட்டுனு வா. ஆங், அதான். எதுக்கா? சம்பந்தி வூட்டு மானத்துக்கு."

மதியம் சம்பந்தியம்மா வந்தார். பூக்கூடையில் சாமந்திக்கு நடுவே இருந்த பேட்டரியை எடுத்துக் கொடுத்தார். க்ளிக் என்று ஒரு சத்தம். அந்தச் சத்தத்துக்கு நான் கைதட்டினேன். தட்டியே விட்டேன்!

சம்பந்தி சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டுத் துண்டைத் தலையில் கட்டினார். நான் பதறிப்போனேன். முதல் முறை வீட்டுக்கு வந்த சம்பந்தியை பாத்ரூம் கதவு வேலை செய்ய விட்டார்கள் என்றால் ஊர் என்ன சொல்லும்?

"அண்ணா, வேணாங்கண்ணா. நீங்க உக்காருங்க. இவரு போடுவாரு."

"இரும்மா. காலைல இருந்து நாற்காலில உக்காந்துகினு எனக்கு இடுப்பே போச்சு." பிறகு வேங்கை நிலையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "உண்மைய சொல்லிடறேன். நீ புத்தகத்துல எழுதற ஆளுன்னு மருமவ சொல்லிச்சு. நாம ஏதாவது பேசப்போய், அதையும் எழுதிட்டா இன்னா பண்றதுன்னு பயந்துகினுதான் நான் பேசறதே இல்ல."

ஏழு மாதமாக அவரைப் பார்த்து நான் பயந்தேன். அவர் என்னைப் பார்த்துப் பயந்திருக்கிறார்! எனக்கு ஒரு பக்கம் சிரிப்பு, ஒரு பக்கம் கண்ணில் தண்ணீர்.

"கல்யாணத்துல அந்தக் கதவை அப்படிப் பாத்தீங்களே அண்ணா?"

"கீலுக்கு எண்ணெயே விடலம்மா. எனக்கு மனசு கேக்கல."

விர்ர்ர்... வேங்கை மரத்தில் இருந்து சுருள் சுருளாகத் தூள் கொட்டியது. பத்து நிமிஷத்தில் தாழ்ப்பாள் உட்கார்ந்தது. சம்பந்தி உள்ளே போய்ப் போட்டுப் பார்த்தார். வெளியே வந்து, "எழுதிக்கம்மா" என்றார். "ஆனா பேட்டரி என்னுதுன்னு எழுதிடு."

எழுதிவிட்டேன் அண்ணா.

அன்றைக்கு அதோடு விட்டார்களா? காலண்டர் ஏறியது. கண்ணாடி ஏறியது. பாவா சேதி கேட்டு வந்து, நீலத்தின் பெருமையைக் கொஞ்ச நேரம் பேசிவிட்டு, "ஒரே ஒரு ஓட்ட போட்டுக்கட்டுமா?" என்று கேட்டு வரிசையில் நின்றார். என் முறை வந்தபோது சாவிப் பலகைக்கு நானே துளை போட்டேன். ஒரு துளை போதும், நாலு போட்டேன். தீபா போன் செய்தபோது அவள் மாமனாரே எடுத்து, "உங்க அம்மா மெஷின குடுக்கவே மாட்டேங்குதும்மா" என்று புகார் சொன்னார். அந்தப் பக்கம் அவள் சிரித்த சிரிப்பு எங்கள் எல்லாருக்கும் கேட்டது.

கிருத்திகை தரிசனம் முடிந்து இருவரும் கிளம்பும்போது பேட்டரியை எங்களிடமே விட்டுவிட்டுப் போனார்கள். "எங்ககிட்ட இன்னும் மூணு கீது" என்றார் சம்பந்தி. அவர்கள் தெருமுனை தாண்டிய பிறகுதான் எங்களுக்கு உறைத்தது. பேட்டரி இருக்கிறது, சார்ஜர் இல்லை. அது பள்ளிப்பட்டு தறி ஷெட்டில் இருக்கிறது. சார்ஜ் தீர்ந்தால், பஸ் ஏறிப் போய்த்தான் ஏற்றிக்கொண்டு வர வேண்டும்.

ஆன்லைனில் ஒரு சார்ஜர் போட்டுவிட்டால் முடிந்தது என்று வீட்டுக்காரர் போனை எடுத்தார். சம்பந்தி வீட்டுக்குப் போய்வர ஒரு சாக்கு கிடைத்தால் விடுவேனா? அந்தப் போன் இப்போது என் பீரோவுக்குள் இருக்கிறது.